உயிரோடிருக்கும் கட்சிக்காரர்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண் வக்கீல்கள்.

"உயிரோட இருக்கிற ஆளை செத்துட்டாருன்னு டைப் பண்ணிட்டேன்கா," என்றாள் சின்னவள்.

"யாரைடி?"

"நம்ம நிலத் தகராறு கட்சிக்காரரை. ஆபீஸ் ஏஐ-கிட்ட கேள்வி கேட்டப்போ. அது வாரிசுங்களுக்கு என்ன பங்குன்னு எழுதிடுச்சு."

"கேள்வியைத் திருத்த வேண்டியதுதானே?"

"திருத்திட்டேன்கா. புதுப் பதிலும் வந்துச்சு. ஆனா பழசும் அங்கயே இருக்கு. நம்ம சீனியர் சார் எதைப் படிச்சாருன்னுதான் புரியல."

அவள் போன் அடித்தது. "அவருதான்கா, கட்சிக்காரர்!"

எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள்.

"சார் அப்படியா கேட்டாரு? இல்லைங்க, உங்க இறப்புச் சான்றிதழெல்லாம் வேணாங்க. நீங்க வந்தா போதும்."