காட்டரி மெஷின் இப்ப வேண்டாமுங்க

இல்லீங்க தம்பி, நீங்க சொல்றது அத்தனையும் புரியுதுங்க. பழசு எடுத்தா பாதி வெல, புதுசு எடுத்தா வாரண்டி. இது கூடத் தெரியாமயா இந்த ஆஸ்பத்திரி ஆபீஸ்ல இத்தன வருசமா உக்காந்திருக்கறேன்? டீ ஆறுது பாருங்க, மொதல்ல குடிங்க.

பழசு வேண்டாமுங்க. எந்த ஊர்ல எவன் எப்படிப் போட்டு ஓட்டுனானோ. கரண்டுல சதைய அறுத்து, ரத்தத்தப் பொசுக்கி நிறுத்தற சாமானுங்க அது. தொடையில ஒட்டற பிளேட்டு கொஞ்சம் தூக்குச்சுன்னா அங்கியே தோலு வெந்து போகும். என்னது, டெஸ்ட் பண்ணுன சர்ட்டிபிகேட் இருக்குதா? இருக்குமுங்க, இருக்கும்.

புதுசு அதுக்கு மேல வம்புங்க. தொட்டா ஓடற ஸ்கிரீனு, அது கத்தறதுக்கு ஒரு அலாரம். எங்க தியேட்டர் நர்சு முத்தாயம்மாளுக்கு செல்போனே பாத்துப் பாத்துத்தான் அமுத்தத் தெரியும். நீங்களே வந்து கூட நின்னு பழக்கித் தருவீங்களா? அட என்னுங்க நீங்க, எதச் சொன்னாலும் ஒரு பதில் வெச்சிருக்கறீங்களே சாமி!

என்ற ஊட்டுக்காரருதான் உங்களுக்குப் போன் போட்டாரு, தெரியுமுங்க. டாக்டரு சொன்னாச் சொன்னதுதான். வெள்ளிக்கெழமைக்குள்ள மெஷின் வந்தாகோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. புதுச்சத்திரத்துல இருந்து குப்பாயின்னு ஒரு அம்மா, கர்ப்பப்பை ஆபரேசனுக்கு மேல வார்டுல வந்து படுத்திருக்குதுங்க. சேலத்துக்குப் போயிக்கம்மா, நானே கார் புடிச்சுத் தாரேன்னு கெஞ்சிப் பாத்தேன். நகர மாட்டீங்குது. எம் புள்ளைகள எடுத்ததே இவருதான், இந்தக் கைராசி வேற எவனுக்கு வரும்னு என்னையே வையுது.

போன மாசம் ஆபரேசன்ல ஒரு பொம்பளைக்கு மெஷின் சூடு கொடல்ல பட்டுப் போச்சுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடி, பொழைச்சதே பெரிய பாடு. மெஷின்ல கரண்டு தானா எகிறுதுன்னாரு இவரு. தியேட்டர்ல அத்தன பேரும் ஆமாங்க சார், மெஷின்தானுங்க சார்னாங்க. நானும் ஆமான்னேன். இப்ப நீங்க அந்த மெஷினக் கழட்டிப் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லீங்கம்மான்னு சொல்றீங்க. மெதுவாச் சொல்லுங்க தம்பி, அவரு காதுல உழுந்தறப் போகுது.

அப்ப எதுதான் வேணும்னு கேக்கறீங்களா? ஒண்ணும் வேண்டாமுங்க. ஸ்டாக் இல்ல, வர்றதுக்கு நெம்ப நாள் ஆகும்னு அவருகிட்டச் சொல்லிப் போடுங்க. பொய்தானுங்க. உங்க யாவாரம் கெடுதுன்னும் தெரியுது. நீங்க தரலீன்னா ஈரோட்டுல இருந்து இன்னொருத்தர் சாயங்காலமே கொண்டாந்து எறக்கீருவாரு, அதுவும் தெரியுதுங்க. எனக்கு வேற வழி தெரியலீங்களே. இந்தக் கேசுக்கு மட்டும் வெளிய இருந்து சர்ஜனைக் கூப்புட்டுக்கலாமான்னு நேத்து மெல்ல வாயத் தொறந்தேன். சோத்துத் தட்ட அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்க எனக்குத் தெகிரியம் இல்லீங்க. மேல அந்தம்மா மொகத்தப் பாக்கவே பயமா இருக்குது.

செருப்புச் சத்தம் கேக்குதுங்களா? ரவுண்ட்ஸ் முடிஞ்சு வாராரு. அழுகலீங்க, சும்மா. தம்பி, ஒண்ணே ஒண்ணு. அவரு வந்தாருன்னா எந்திரிச்சு ஒரு கும்புடு போட்டுக்குங்க, அது போதும். பழக்கத்துல கை குடுக்கறேன்னு நீட்டிராதீங்க. ஆடி மாசத்துல இருந்து வலது கை நடுங்குதுங்க. எனக்குத் தெரியுமுன்னு இன்னும் அவருக்குத் தெரியாது.