ஜன்னலுக்குக் கீழே கால்வாய்

— ...இன்னிக்கும் கஞ்சில வெந்தயம் ஜாஸ்தி, ஜெரூஷா. கசப்பு நாக்கை விட்டுப் போகல.

— சர்க்கரைக்கு நல்லதுப்பா. காலை நீட்டுங்க, கட்டு மாத்தணும்.

— மெதுவா... ஆ!

— இன்னும் தொடவே இல்ல!

— தொடப்போறியேன்னு முன்கூட்டியே கத்தினேன். ...புண்ணு எப்படி இருக்கு?

— சீழ் வத்திடுச்சு. ஓரத்துல புதுச் சதை வருது. விரலை எடுக்கணுமா வேணாமான்னு வெள்ளிக்கிழமை டாக்டர் சொல்லிடுவார்.

— எடுத்துட்டா... செருப்பு கால்ல நிக்குமா?

— எடுக்க விடமாட்டேன். நான் கிண்ணத்துல வெச்சிட்டுப் போற புண்ணு மாத்திரைய மட்டும் ஒழுங்கா முழுங்குங்க.

— முழுங்கிட்டுத்தானே இருக்கேன்! ...ஆமா, நேத்து போன்ல சொல்லிட்டிருந்தியே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத் தண்ணில மருந்து கிடக்குதுன்னு...

— அதுவா? எங்க தண்ணி சோதிக்கிற லேப்ல கூட வேலை பாக்குற மிருதுளாகிட்ட பேசிட்டிருந்தேன். ஆஸ்பத்திரி, வீடுன்னு எல்லா சாக்கடையும் அங்கதானே வந்து சேருது.

— அது... பறவைங்களை ஏதாவது பண்ணுமா? நம்ம பின்னாடி கால்வாய்ல நாமக்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு.

— என்னப்பா திடீர்னு இவ்ளோ அக்கறை?

— சும்மா... பொது அறிவு.

— சில மருந்து வெயில் பட்டா உடையும். சிலது சேத்துல போய் ஒட்டிக்கும், அங்க வெயில் எட்டாது. உங்க மாத்திரை மாதிரி வகை தண்ணில கிடந்தாலே கொஞ்ச நாள்ல தானா உடைஞ்சிடும்.

— அப்பாடா! ...இல்ல, நல்லதுதானே, அதச் சொன்னேன்.

— எங்க நல்லது? உடையறதுக்குள்ள புதுசு புதுசா வந்து விழுந்தா? கிருமிங்க அதுக்குப் பழகிடும். அப்புறம் அந்த மருந்துக்கே மசியாது.

— மசியாதா!

— நம்ம கால்வாய்த் தண்ணியையும் எடுத்துப் பாத்தேன். முதல் ரெண்டு வாரம் எடுத்தப்ப உங்க மருந்து ஏகத்துக்கு இருந்துச்சு.

— அக்கம்பக்கத்துல யாராவது...

— இருக்கும், இருக்கும். ஆனா இந்த வாரம் எடுத்ததுல சுத்தமா இல்ல.

— இல்லையா? அதெப்படி? நேத்துகூட...

— நேத்துகூட?

— நேத்துகூட... குஞ்சுங்களைப் பாத்தேன்னு சொல்ல வந்தேன்.

— அப்பா.

— அந்த மாத்திரை ஒத்துக்கலம்மா. உங்கம்மா பை பையா முழுங்கினா... பொழைச்சாளா? அதான், நீ வேலைக்குக் கிளம்பினதும்... ஜன்னல் வழியா...

— தெரியும்.

— தெரியுமா!

— உடைஞ்சு போகவேண்டியது மறுவாரமும் அப்படியே கிடந்தா, யாரோ தினம் போடுறாங்கன்னுதானே அர்த்தம்? அதுவும் நம்ம ஜன்னலுக்குக் கீழதான் அதிகம். அன்னிலேர்ந்து கிண்ணத்துல வெக்கிறது வெறும் சத்து மாத்திரை. நாமக்கோழிக் குஞ்சுங்க கொழுகொழுன்னு இருக்குமே, பாத்தீங்களா?

— அடிப்பாவி... அப்ப மருந்தே இல்லாம என் கால் எப்படிடி ஆறுது?

— டாக்டரைக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்... கஞ்சில கசக்கிறது வெந்தயம் இல்லப்பா.