தேநீர் ஊற்றுவது விதிமீறல்

'விளம்பரம்' என்ற சொல்லைக் காணொளியின் மூலையில் கொஞ்சம் பொடியாகப் போட்டுவிட்டேன், மேடம். அது என் தப்புதான். அதைக் கேட்கத்தானே உங்கள் விளம்பரக் கண்காணிப்பு அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்? மற்றபடி நான் விதி என்றால் விதி என்று இருக்கிறவன். ஆளே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்துவேன்.

அந்தக் காணொளிகளில் வருகிறவர் என் அக்கா புருஷன். பார்க்கிறவர்கள் அவரைச் 'சுதி மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மது நிறுவனத்தின் பாட்டிலைத் திறந்து, கோப்பையில் ஊற்றி, கண்ணை மூடி முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டு ஏதாவது உளறுவார். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, விதிகளைக் கவனிப்பது எல்லாம் நான்.

போன வருஷம் அத்தான் குடியை விட்டுவிட்டார். மகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே மறந்துவிட்டு எங்கோ விழுந்து கிடந்தாரே, அன்றோடு சரி. ஆனால் பிழைப்பை விட முடியாதே. அக்கா பால் விடாத தேநீரை ஆறவைத்து அந்தப் பாட்டிலில் நிரப்பி வைப்பாள். அப்போது பாட்டுக்கூடப் பாடுவாள்.

காணொளிதான் சப்பென்று ஆகிவிட்டது. தேநீர் குடித்த வாயில் என்ன உளறல் வரும்? ஆட்கள் பார்க்காமலே தள்ளிவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. அப்போதுதான் உங்கள் விதிகளை வரி வரியாகப் படித்தேன். பொருளைப் பற்றிப் பொய்யாக எதையும் காட்டக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். மனசு சுருக்கென்றது. இத்தனை நாளாகத் தேநீரைக் காட்டி ஊரை ஏமாற்றியிருக்கிறோம்.

அக்காவுக்குத் தெரியாமல் தேநீரைக் கொட்டிவிட்டு அசல் சரக்கை ஊற்றினேன்.

அத்தான் வழக்கம்போல் முகர்ந்து பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார்.

"மாப்ள, வேணாம்டா."

"கேமரா ஓடுது அத்தான்," என்றேன்.

நான் ஒன்றும் அவர் வாயைப் பிளந்து ஊற்றவில்லை. வயது வந்த மனிதர், அவராகவே குடித்தார். அன்றைய உளறலை லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

அதன்பிறகு தினமும் ஊற்றினேன். கொஞ்ச நாளில் கேமரா இல்லாமலே குடிக்க ஆரம்பித்தார். அவராகவே மறுபடி தொடங்கிவிட்டதாக அக்கா நினைத்துக்கொண்டாள். கேட்டால்தானே சொல்வது?

அளவுக்கு மீறிக் குடிப்பதைக் காட்டக் கூடாது என்பது விதி. அவர் விழுந்ததும் கேமராவை அணைத்துவிடுவேன். சிறுபிள்ளைகள் காட்சியில் வரக் கூடாது. "அப்பா, எந்திரிப்பா" என்று மகள் குறுக்கே வந்த இடங்களையெல்லாம் வெட்டிவிட்டேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் காட்டவே கூடாது. போன வாரம் அவர் கார் சாவியை எடுத்தபோது நான் படம் பிடிக்கவில்லை. பின் இருக்கையில் பிள்ளை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதையும் பிடிக்கவில்லை.

கார் பாலத்துச் சுவரில் மோதியது. அத்தானுக்குச் சிராய்ப்புதான். பிள்ளைக்கு இரண்டு காலிலும் மாவுக்கட்டு. மறுபடி நடப்பாளா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா கேட்டாள்: "ஊத்திக் கொடுத்தது நீயாடா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவள் விட்ட அறையில் கன்னம் இன்னும் எரிகிறது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, மேடம். பாவம், விதிகளை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.