பதினொரு மணிச் சாப்பாடு

– தரை கழுவுற மிசினை நிப்பாட்டுங்கோ அண்ணை. இந்தச் சத்தத்துக்குள்ளை நான் சொல்லுறது உங்களுக்குக் கேக்கேல்லை.

– கேட்டது, பிள்ளை. கேட்டபடியால்தான் நிப்பாட்டாமல் ஓடுறன்.

– இந்தக் கடைத்தொகுதி முழுக்க உங்களுக்குப் பின்னாலை நடந்து திரியிறதுக்கே நான் அமெரிக்காவிலை இருந்து வந்தனான்? ஒருக்கா இறங்குங்கோ.

– பத்து மணிக்குக் கடையள் திறந்திடும். அதுக்குள்ளை ரெண்டு மாடித் தரையும் கழுவி முடிக்கவேணும். பனிக்காலத்திலை இந்த ஒஸ்லோ ட்வெய்ட்டாச் சனம், வழுக்காமல் றோட்டிலை கொட்டுற கல்லு முழுக்கச் சப்பாத்தோடை காவிக்கொண்டு வருங்கள். ஒரு கல்லு இந்த மிசின்ரை ரப்பர்ப் பட்டியிலை மாட்டினால் காணும், தரையெல்லாம் கோடு விழும். முதலாளி என்னைத்தான் பிடிப்பான்.

– கோடு விழட்டும். இருபத்தாறு வரியத்துக்குப் பிறகு கூடப்பிறந்தவள் வந்து நிக்கிறாள், நீங்கள் கல்லுக்கணக்குச் சொல்லுறியள்.

– சரி, சரி. இறங்கிட்டன். நீ... நீ புஷ்பமலர்தானே? சத்தியமாய்?

– பின்னை ஆர்? பேயெண்டு நினைச்சியளோ?

– முருகா! எத்தினை வரியம், பிள்ளை!

– இதிலை இருங்கோ. பிளாஸ்கிலை தேத்தண்ணி இருக்கு. ஒரு வாய் குடியுங்கோ.

– வேண்டாம். இண்டைக்கு விரதம். பல்லிலை தண்ணியும் படேல்லை.

– செவ்வாயுமில்லை, வெள்ளியுமில்லை. என்ன விரதம்?

– அது... ஒருத்தற்றை நாள். பதினொண்டுக்கு ஒரு சாப்பாடு இருக்கு. அதுக்குப் பிறகுதான் வாய் நனைப்பன். அதை விடு. நீ எங்கை நிக்கிறாய்? ஹொட்டேலிலையோ?

– ஒரு தெரிஞ்ச வீட்டை. நல்லாய்ப் பாக்கினம்.

– உன்ரை தமிழ் அப்பிடியே இருக்கு. அமெரிக்கா போனதுகள் ரெண்டு வரியத்திலை நாக்கை மடிச்சுக்கொண்டு வருங்கள்.

– நானிருக்கிற ஊர் நெப்ராஸ்காவிலை ஒரு மூலை. நானூற்றிப் பத்துச் சனம், ரெண்டு சேர்ச், ஒரு பெற்றோல் செட். தமிழ் தெரிஞ்சது நான் ஒருத்தி. சேத்திலை புரளுற பண்டியளோடைதான் கதைச்சனான். அதுகள் என்ரை தமிழைத் திருத்தவுமில்லை, பழிக்கவுமில்லை.

– பண்டியோ!

– ஏன் மூக்கைச் சுழிக்கிறியள்? முந்நூறு பண்டியும் அறுநூறு ஏக்கர் சோளமும். விடிய நாலு மணிக்கு எழும்பினால் பொழுது படுமட்டும் குனிஞ்ச தலை நிமிராது. நாரி நோவுக்கு இப்பவும் இடுப்பிலை பட்டி கட்டித்தான் நிக்கிறன்.

– நீ எப்பிடியம்மா அங்கை போய்ச் சேந்தனி?

– வடிவாய்க் கேளுங்கோ, நீங்கள் கேக்கவேண்டிய கேள்விதான். வவுனியாவிலை கொமினிகேசன் கடையிலை ரிசீவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். "நோர்வேக்காரன் உனக்கு விசா தரமாட்டன் எண்டிட்டான், இனி எனக்குப் போன் எடுக்காதை" எண்டனீங்கள். எனக்குப் பதினேழு வயசு. அம்மாவும் அப்பாவும் ஒரே செல்லடியிலை செத்து ஆறு மாசம். கடைக்காரப் பெடியன் என்ரை முகத்தைப் பாத்திட்டு, போன் காசு வேண்டாம், போங்கோ அக்கா எண்டவன்.

– அந்த நேரம் அப்பிடி, பிள்ளை. நானும் இஞ்சை...

– இருங்கோ, முடிக்கேல்லை. தங்கச்சி என்ன ஆனாள் எண்டு ஒருக்காலும் கேக்காத ஆள், இப்ப கேளுங்கோ. அம்மாவின்ரை தாலிக்கொடியை ஏஜென்சிக்காரன் வாங்கினவன். பிளேன், கப்பல், லொறி. மெக்சிக்கோவிலை இருந்து நடை. காலிலை சீழ் பிடிச்சு, இறைச்சி வெட்டுற பக்டரி ஒண்டிலை போய் நிண்டன். குளிருக்குள்ளை எட்டு மணித்தியாலம் ஒரே வெட்டு. விரல் மடங்காது. அங்கை சாமான் ஏத்த வந்தவர்தான் மார்க்கஸ். மனிசி செத்த மனிசன். சொந்தமாய்ப் பண்ணை. என்னைக் கட்டினார்.

– வெள்ளையனோ?

– ஓம், வெள்ளையன்தான். நான் விளக்கு வைக்க ஒரு சாமியில்லையெண்டு அழ, உழவு மிசின்ரை பழைய தகட்டை வெட்டி எனக்கு வேல் செய்து தந்தவர். என்னத்துக்கு எண்டு அவருக்கு விளங்கேல்லை. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் சேர்ச்சுக்குப் போக முதல் அந்த வேலை ஒரு துணியாலை துடைச்சு வைச்சிட்டுத்தான் போவார்.

– நல்ல மனிசன் போலை. இப்ப சுகமோ?

– அவர் போய் மூண்டு வரியம்.

– ஐயோ.

– சோளம் கொட்டி வைக்கிற தகரக் கோபுரம் இருக்கு, எங்கடை கோயில் கோபுரம் மாதிரி உயரம். உள்ளுக்கை சோளம் கட்டிபட்டுப் போச்சு. குத்தி விட இறங்கினவர். காலுக்குக் கீழை அப்பிடியே வாங்கிப் போட்டுது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நான் இடுப்பிலை கயிறு கட்டிக்கொண்டு இறங்கினன். நாடியிலை கை குடுத்து முகத்தை நிமித்திப் பிடிச்சபடி நாலு மணித்தியாலம். மூக்குக்குள்ளை சோளம் போகாமல் ஊதிக்கொண்டே இருந்தனான்.

– நீயோ? நீ சின்னனிலை கிணத்தை எட்டிப் பாக்கப் பயப்பிடுவாய்.

– அந்தப் பிள்ளையை நீங்கள் வவுனியாவிலை விட்டிட்டியள். பக்கத்துப் பண்ணை எமிலியா மேலை நிண்டு யேசுவைக் கூப்பிட்டாள். நான் கீழை நிண்டு முருகனைக் கூப்பிட்டன். அவை ரெண்டுபேரும் வந்தினமோ தெரியாது. எமிலியா இறங்கி வந்தாள். ஊர் முழுக்கத் திரண்டு வந்து தகரத்தை வாளாலை அறுத்தினம். எடுக்கேக்கை மூச்சு இருந்தது. ஆசுப்பத்திரி தொண்ணூறு மைல். வழியிலை போயிட்டார்.

– என்னெண்டு தாங்கினனி?

– தாங்க ஆர் விட்டது? சோளம் முத்திப் போய் நிக்குது. ஒரு ஞாயிறு விடிய யன்னலைத் திறந்தால் பதினொரு அறுவடை மிசின் என்ரை வயலுக்குள்ளை நிக்குது. தங்கடை வயலை விட்டிட்டு வந்ததுகள். பின்னேரத்துக்குள்ளை அறுநூறு ஏக்கரும் வெட்டி முடிச்சுப்போட்டு, சேர்ச்சாலை கொண்டு வந்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் திண்டிட்டு, தொப்பியைத் தூக்கிக் காட்டிட்டுப் போட்டுதுகள். ஒருத்தனும் என்ரை ஊரில்லை, என்ரை சாதியில்லை, என்ரை ரத்தமில்லை.

– குத்திக் கதைக்கிறாய்.

– குத்தேல்லை இன்னும். பேப்பர்க்காரன் ஒருத்தன் வந்து படம் எடுத்து, பேர் கேட்டான். கார்த்திகேசு புஷ்பமலர் எண்டு முழுப்பேரும் சொன்னன். பிறந்த ஊரும் சொன்னன். அதுதான் உங்களுக்கு வினையாய்ப் போச்சு.

– எனக்கு என்ன வினை?

– ஒஸ்லோவிலை அதே பேரிலை இன்னொருத்தி இருக்கிறாள் அண்ணை. அதே தகப்பன் பேர், அதே பிறந்த நாள். அவளுக்கு ரெண்டு பிள்ளையள். மூத்தவள் சாருகா. யூனிவேர்சிற்றியிலை படிக்கிறாள். விளையாட்டாய்த் தாயின்ரை பேரை இன்டர்நெற்றிலை அடிச்சுப் பாத்தவளுக்கு, பண்டிக்கொட்டிலுக்கு முன்னாலை நான் நிக்கிறன்.

– நேரம் போகுது, பிள்ளை. நான் மிசினிலை ஏறவேணும்.

– மிசின் நிக்கட்டும். உங்கடை மனிசி தேவிகாவின்ரை தங்கச்சி துஷ்யாதான் அவள். பார்ணஹாகெ எண்ட பாலர் பள்ளியிலை சின்னப் பிள்ளையளுக்கு மூக்குத் துடைக்கிறவள். எல்லாரும் புஷ்பா எண்டு கூப்பிடுகினமாம்.

– கேள் பிள்ளை...

– விசா வந்தது. தாய் தகப்பன் இல்லாத பதினேழு வயசுப் பிள்ளை தமையனிட்டை வரலாம் எண்டு நோர்வேக்காரன் கையெழுத்து வைச்சுத் தந்தவன். எனக்குத் தந்தவன். அதிலை என்ரை பேரிலை துஷ்யாவை ஏத்திப்போட்டு, எனக்கு இல்லையெண்டனீங்கள்.

– மெதுவாய்க் கதை, பிள்ளை. பேக்கரிக்காரர் உள்ளுக்கை நிக்கினம்.

– அவைக்குத் தமிழ் விளங்காது. இந்தப் பையைப் பாருங்கோ. இதுக்குள்ளை என்ரை பிறப்புப் பத்திரம் இருக்கு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அம்மா என்னைத் தூக்கி வைச்சிருக்கிற படமும். பொலிஸ் கந்தோர் எங்கையெண்டும் எனக்குத் தெரியும். ஒரேயொரு கேள்வி கேப்பன். உண்மையைச் சொன்னால் அப்பிடியே திரும்பிப் போய்ப் பண்டிக்குச் சாப்பாடு வைப்பன். பொய் சொன்னால் உங்களை விடமாட்டன்.

– கேள்.

– நான் உயிரோடை இருக்கிறன் எண்டு துஷ்யாவுக்குத் தெரியுமோ?

– தெரியும்! ஏன் தெரியாது? எல்லாம் அவளின்ரை வேலைதான். "என்னை எடுக்காட்டில் அலரிக்கொட்டை அரைச்சுக் குடிச்சுச் சாவன்" எண்டு போனிலை ஒப்பாரி வைச்சவள். நான் மாட்டன், அது தங்கச்சிக்கு வந்தது எண்டுதான் சொன்னனான். சத்தியமாய்.

– யோசிச்சுச் சொல்லுங்கோ. தெரிஞ்சோ வந்தவள்?

– தெரிஞ்சுதான்! "உங்கடை தங்கச்சி எப்பிடியும் பிழைச்சுக்கொள்ளுவாள்" எண்டவள். முருகன் சாட்சி.

– மூண்டாந்தரமும் கேக்கிறன், அண்ணை.

– நூறு தரம் கேள். அவள் தெரிஞ்சுதான் வந்தவள். இத்தனை வரியமாய் எனக்கு நெஞ்சுக்குள்ளை இருந்து கரையுது, ஆரிட்டைச் சொல்லுறது?

– பொலிசுக்குப் போனால் அவளுக்கு என்ன செய்வாங்கள்?

– பாஸ்போட் பறிப்பாங்கள். வேலை போகும். அனுப்பியும் விடுவாங்கள்.

– பிள்ளையள்?

– அதுகள் வளந்திட்டுதுகள்தானே.

– நீங்கள் வந்து சாட்சி சொல்லுவியளோ?

– சொல்லுவன். அவள்தான் செய்தவள் எண்டு கையெழுத்தும் வைப்பன். என்னை மட்டும் அதுக்குள்ளை இழுக்காதை. எனக்கு அறுபது வயசாகப் போகுது, கோயிலிலை நாலு பேர் மதிக்கிற மனிசன்.

– வரியா வரியம் கூப்பிட்டு உங்களுக்குச் சமைச்சுப் போட்டவள் எல்லோ?

– அவள் பிறத்தி, பிள்ளை. நீ என்ரை ரத்தம்.

– ரத்தம். சரி, எழும்பு.

– என்ன, எழும்பு எண்டுறாய்? மூத்தவனை நீ எண்டு கதைக்கிறியோ?

– இனி நீதான். துஷ்யாவுக்கு நீ என்ன சொன்னனி எண்டு நான் சொல்லட்டே? "தங்கச்சி செல் விழுந்து செத்திட்டாள், விசா வீணாய்ப் போகுது, நீ வா" எண்டனி. அவள் செத்தவளின்ரை பேரைக் காவுறன் எண்டு ஒவ்வொரு பாஸ்போட் புதுப்பிக்கேக்கையும் காச்சலிலை படுத்தவள். கலியாணக் கார்டிலை அந்தப் பேரைப் பாத்திட்டு அழுதவள்.

– ஆர் உனக்கு உதெல்லாம்...

– அவள்தான். பேப்பரிலை என்ரை படத்தைப் பாத்தவுடனை ரிக்கெற் போட்டு என்னைக் கூப்பிட்டது ஆரெண்டு நினைச்சாய்? மூண்டு நாளாய் ரொம்மனிலை அவளின்ரை வீட்டிலைதான் நிக்கிறன்.

– துஷ்யாவோ?

– முதல் நாள் அவள் சோறு போட்டாள், நான் திண்டன். அவளைக் கழுத்தை நெரிக்கவேணும் எண்டுதான் பிளேன் ஏறினனான். ரெண்டாம் நாள் சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடை என்ரை படம். மாலை போட்டு, பொட்டு வைச்சு. நேற்று ரெண்டுபேருமாய் அதைக் கழட்டினனாங்கள்.

– பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். தேவிகா மூண்டு நாள் அன்னம் தண்ணி இல்லாமல் கிடந்தாள். தங்கச்சியை எடுக்காட்டில் போறன் எண்டாள். நான் என்ன செய்ய?

– இப்பதான் ஒரு உண்மை வந்திருக்கு. பிந்திப் போச்சு.

– பொலிசுக்குப் போகாதை. காலைப் பிடிக்கிறன்.

– துஷ்யாவைப் பொலிசிலை குடுத்து எனக்கு என்ன வரப்போகுது? இந்தா, பையைத் திறந்து பார்.

– இதுக்குள்ளை... பத்திரம் எங்கை? இது வாழையிலையெல்லோ?

– கீழைத் தமிழ்க் கடையிலை நேற்றே வாங்கினனான். நாப்பது இலை. போன வரியம் இருபதுதானாம். இந்த முறை கோயில் ஆக்கள் எல்லாருக்கும் துஷ்யா சொல்லியிருக்கிறாள். தங்கச்சிக்கு ஒரு வரியமும் தவறாமல் செய்யிற தமையன் எண்டு உன்னைப் பற்றி நல்ல கதையாம் ஊருக்குள்ளை.

– புஷ்பம்...

– எள்ளுத் தண்ணி இறைக்கிறதும் நீதானாம். இறைச்சுப்போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு ரெண்டாந்தரமும் கேட்டு வாங்குவியாம். நாள் ஆர் குறிச்சது எண்டு துஷ்யாவிட்டைக் கேட்டன். நீதானாம். எனக்கு விசா வந்த நாள்.

– நான் வரேல்லை. எனக்கு ஏலாது. சுகமில்லை எண்டு சொல்லு.

– வராமல்? ஐயர் பத்தரைக்கே துஷ்யா வீட்டை வந்திடுவார். மிச்சத் தரையையும் கோடு விழாமல் கழுவிப்போட்டு, குளிச்சு வேட்டியைக் கட்டிக்கொண்டு வா, அண்ணை. இண்டைக்கு என்ரை திவசம். உன்ரை இலைக்கு நான்தான் சோறு போடுவன்.