சின் பேரரசில் சிபாரிசு

பல்கலைக்கழகம் இருக்கும் கார்ஹிங் ஊருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழர்கள், ஓர் ஆணும் பெண்ணும். பெட்டியில் யாருக்கும் தமிழ் தெரியாது என்று நினைத்துச் சண்டை போட்டார்கள். நானும் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சைனால, சின் பேரரசுல, ஒருத்தர வேலைக்கு சிபாரிசு பண்ணி அவர் தப்பு பண்ணிட்டா, சிபாரிசு பண்ணவங்களுக்கும் அதே தண்டனை," என்றாள் அவள்.

"அடுத்த மாசம் என் தம்பிக்கு விசா முடியுது. ப்ரொஃபசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னா, சைனா கதை சொல்றியா?"

"நாடு முழுக்க ஒரே எழுத்து, ஒரே எடைக்கல், வண்டிக்கு ஒரே அச்சு நீளம்னு கொண்டுவந்தவங்க அண்ணா. கறாரா இருந்ததாலதான் முடிஞ்சுது."

"அப்படி எத்தனை வருஷம் ஆண்டாங்க?"

"பதினஞ்சு."

"பார்த்தியா!" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு முன்னாடியே அதே லேப்ல சேந்தவர் நீங்க. உங்க தம்பிய உங்களுக்குத்தான் நல்லா தெரியும். நீங்க ஏன் இன்னும் ப்ரொஃபசர்கிட்ட சொல்லல?"

ரயில் நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் கார்ஹிங் வரல, அண்ணா."

"தெரியும்," என்று சொல்லி இறங்கிவிட்டார்.