ஏழு பத்துப் பேருந்தும் இரண்டு எழுத்துருக்களும்

அவைக்கு நடுநாயகமாய் அமர்ந்து, அதட்டாமலே எங்களை அடக்கி வைத்திருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அரங்கசாமி அவர்களே! இந்தக் கணினிப் பயிற்சி மையத்தின் உரிமையாளர், இன்றைய ஐந்தாம் ஆண்டு விழாவின் நாயகர், திருமிகு அங்கப்பன் அவர்களே! சான்றிதழுக்காகக் காத்திருக்கும் தோழர்களே, தோழியரே! தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தவர்களும், போய்த்தான் பற்றவைக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்ப்பவர்களுமாகிய தாய்மார்களே! கிணத்துக்கடவில் பிறந்து வளர்ந்த உங்கள் ஜெனிஷாவின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோவையில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 'கணினியின் மாண்பு' என்ற தலைப்பைக் கொடுத்து, பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மாண்பு! மூன்று ஆண்டுகளாக நானும் அதைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கண்டெடுத்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாம் ஆண்டு. கல்லூரி ஆய்வகம். வாசலிலே செருப்பைக் கழற்று என்றார்கள். கழற்றினேன். காலைத் துடை என்றார்கள். துடைத்தேன். உள்ளே போனால் குளிரூட்டிய அறையில், கறுப்புத் திரையில், ஒரு கோடு மின்னி மின்னி என்னை முறைத்தது. அதன் பெயர் டாஸ். கோப்புக்குப் பெயர் வைத்தேன். எட்டு எழுத்துக்கு மேல் எனக்கு ஆகாது என்றது! ஆராரோ பாடி அத்தை வைத்த பெயராக இருந்தாலும் எட்டு எழுத்து! ஆண்டவனே வந்து சூட்டிய பெயராக இருந்தாலும் எட்டு எழுத்து! எழுதியதைச் சேமிக்க ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே கே, பிறகு டி. இதை மனப்பாடம் செய்யவே ஒரு மாதம் ஆயிற்று.

மாலையில் பயிற்சிக்காக இதே அங்கப்பன் ஐயாவின் மையத்துக்கு வந்தேன். இங்கே விண்டோஸ் தொண்ணூற்றைந்து. வெண்மேகமும் நீல வானமுமாய்த் திரை சிரித்தது. பழக்கதோஷத்தில் அதே பொத்தானோடு கே அமுக்கினேன். சம்பந்தமே இல்லாத ஒரு பெட்டி வந்து நின்றது. ஐயா ஓடிவந்தார். "என்னுங்க அம்மணி, இன்னும் டாஸைக் கட்டிட்டு அழுவறீங்க? அதெல்லாம் செத்துப்போச்சுங்க. தூக்கிப் போட்டுட்டு வாங்க" என்றார். சரி என்று 'ஜெனிஷாவின் முதல் பாடம்' என்று ஆங்கிலத்தில் நீளமாகப் பெயரிட்டு, நெகிழ்வட்டில் ஏற்றிக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். அங்கே டாஸ் என் பெயரின் வாலை நறுக்கிப்போட்டு, நெளிந்த கோடு ஒன்றும் ஒன்று என்ற எண்ணும் ஒட்டவைத்து, 'ஜெனிஷ் நெளிகோடு ஒன்று' என்று காட்டியது. சிரிக்காதீர்கள். ஓர் ஆண்டு முழுக்க என் தோழிகள் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இரண்டாம் ஆண்டில் யூனிக்ஸ் வந்தது. அது இருக்கிறதே, அது பேசாமடந்தை! நம் ஊரில் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாலும் "குடிச்சுப்போட்டேனுங்க" என்று ஒரு வார்த்தை சொல்வோமா இல்லையா? யூனிக்ஸ் வேலையை முடித்தாலும் வாய் திறக்காது. கோப்பை அழிக்கச் சொன்னால் அழித்துவிடும். கேள்வி இல்லை, கேட்பாரில்லை. டாஸில் சாய்கோடு இடப்பக்கம் சாயும். இங்கே வலப்பக்கம் சாயும். அதில் எழுதுவதற்கு ஒரு கருவி உண்டு. உள்ளே போய்விட்டேன், வெளியே வரத் தெரியவில்லை. 'வெளியே விடு' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். அதையும் என் கட்டுரையில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டது!

ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒரு பூசாரி. டாஸ் பூசாரி விண்டோஸை விளையாட்டுப் பொம்மை என்கிறார். விண்டோஸ் பூசாரி டாஸைப் பிணம் என்கிறார். யூனிக்ஸ் பூசாரி இருவரையும் மனிதராகவே மதிப்பதில்லை. நடுவில் மாணவி நான், காலையில் ஒரு மொழி, மதியம் ஒரு மொழி, மாலையில் ஒரு மொழி பேசி, மூன்று இடத்திலும் மக்கு என்று பெயர் வாங்கினேன். இதுவா மாண்பு?

"பழகிப் போகும் பாப்பா" என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் சொல்கிறார். பழகிப் போயிற்று, அண்ணா! என்னோடு போயிருந்தால் இந்த மேடையில் சிரித்துவிட்டு இறங்கியிருப்பேன். ஆனால் சென்ற ஆகஸ்டு மாதம் இந்தக் கூத்து இன்னொரு பெண்ணின் படிப்பையே பறிக்கப் பார்த்தது.

அவள் பெயர் தேஜஸ்ரீ. இந்த ஊர்தான். என் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு. பொள்ளாச்சியிலிருந்து கோவை போகும் ஏழு பத்துப் பேருந்து, நிரம்பி வழிந்துகொண்டு நம் நிறுத்தத்தில் நிற்காமலே பறக்கும். அடுத்த பேருந்து எட்டே கால். அதில் போனால் முதல் வகுப்பு போய்விடும். முதல் வகுப்பு போனால் அரைநாள் வரவில்லை என்று பதிவாகும். வருகை குறைந்துவிட்டது என்று வீட்டுக்குக் கடிதம் போயிற்று. அவளுடைய அப்பா வரதராஜுலு அதைப் படித்துவிட்டு, "காலேஜுக்குன்னு கெளம்பி எங்க போயிட்டு வாறயோ, யாரு கண்டா? போதும் படிச்சது" என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்க வரும்படி மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லியனுப்பிவிட்டார்.

அவளுடைய அம்மா ரங்கநாயகி அம்மா மட்டும் மகளை நம்பினார். பேருந்து நிற்க வேண்டும் என்று தம் கையாலேயே மூன்று பக்க மனு எழுதினார். வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டபோது, எந்த நாளில் யார் எத்தனை மணிக்குக் கல்லூரிக்கு வந்தார்கள் என்று அட்டவணையோடு தட்டச்சு செய்து கொடுங்கள், நேர மாற்றத்துக்கான மனு வாங்குவது வரும் திங்கட்கிழமையோடு முடிகிறது என்றார்கள்.

கல்லூரி வாயிற்காவலரின் பதிவேட்டைப் பார்த்து, மதிய உணவு இடைவேளையில் எல்லாம் அமர்ந்து, தமிழ்த்துறைக் கணினியில் நான் அடித்தேன். முப்பத்தெட்டுப் பக்கம்! முதலில் அம்மாவின் மனு, அடுத்து இந்த ஊர்ப் பிள்ளைகள் என்னையும் சேர்த்துப் பத்தொன்பது பேர் கல்லூரிக்கு வந்து சேர்ந்த நேரம், நாள் தவறாமல். அங்கே அச்சுப்பொறி கெட்டுக் கிடந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து விடுமுறை. வட்டை எடுத்துக்கொண்டு, ரங்கநாயகி அம்மாவையும் தேஜஸ்ரீயையும் அழைத்துக்கொண்டு, இந்த மையத்துக்கு வந்தேன். வட்டைச் செருகினேன். திறந்தேன்.

பார்த்தால், தமிழ் இல்லை! கேள்விக்குறியும் பாதிப் பின்னமும் தலைகீழ்க் கொம்புமாக, எறும்புப் புற்றைக் கிளறிவிட்டாற்போல் ஒரு திரை. கல்லூரியில் ஒரு நிறுவனத்தின் தமிழ் எழுத்துரு; இங்கே இன்னொரு நிறுவனத்தின் தமிழ் எழுத்துரு. அவன் 'அ'வுக்கு ஓர் எண் வைத்தான். இவன் 'அ'வுக்கு வேறோர் எண் வைத்தான். ஒரே தமிழை இரண்டு கடைக்காரர்கள் இரண்டு பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஐயா! மதுக்கரையில் எழுதிய கடிதத்தை அவிநாசியில் படிக்க முடியாதென்றால், அதற்கு அறிவியல் வளர்ச்சி என்றா பெயர்?

அங்கப்பன் ஐயா எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஏனுங்க அம்மணி, இந்தக் காலத்துல போயித் தமிழ்ல அடிப்பாங்களா? இங்கிலீசுல அடிங்க. ஆபீசருங்க அப்பத்தான் மதிப்பாங்க." அதற்கு ரங்கநாயகி அம்மா, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "எனக்குப் படிக்கத் தெரியாத மனுவுல நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

கைதட்டுகிறீர்கள். அன்று கைதட்ட ஆளில்லை. ஐயா அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

மையத்தின் மூலையில் துணி போர்த்திய பழைய கணினி ஒன்று கிடந்தது. செத்துப்போனதாகச் சொன்னாரே, அதே டாஸ். கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "குப்பைதானுங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க" என்றார். ரங்கநாயகி அம்மாவின் கைப்பிரதி மூன்று பக்கமும் எங்களிடம் இருந்தது. அதில் முதல் சொல் என்னவென்று தெரியும். திரையில் முதல் எண் என்னவென்று டாஸ் காட்டும். தேஜஸ்ரீ எழுத்தை வாசிப்பாள். நான் எண்ணைக் குறிப்பேன். எழுத்துக்கு எழுத்து, கொம்புக்குக் கொம்பு, காலுக்குக் கால். சனிக்கிழமை முழுக்க வரைபடத் தாளில், கல்லூரி எழுத்துருவின் எண் ஒரு கட்டம், மையத்து எழுத்துருவின் எண் பக்கத்துக் கட்டம் என்று கட்டம் கட்டமாக நிரப்பினோம். யூனிக்ஸ் வகுப்பில் திட்டு வாங்கிக் கற்ற சி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். அந்த எண் வந்தால் இந்த எண்ணாக மாற்று. அவ்வளவுதான். டாஸில் மாற்றி, விண்டோஸில் திறந்து, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முதல் பக்கத்தை அச்சிட்டோம். தமிழ்! தாளில் தமிழ்!

மற்றப் பக்கங்களும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து வரதராஜுலு ஐயா வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. "மூணு மணிக்கு அவுங்க வாராங்க. இங்க என்ன பண்ணிட்டிருக்கற? எந்திரி, ஊட்டுக்கு வா" என்றார். தேஜஸ்ரீ எழுந்தாள். அச்சுப்பொறியிலிருந்து அவளுடைய பக்கம் வந்துகொண்டிருந்தது. அதைக் கிழித்து அப்பாவின் கையில் கொடுத்தாள்.

அவர் நின்றபடியே வாசித்தார். ஜூன் பதினேழு, ஒன்பது நாற்பது. ஜூன் பதினெட்டு, ஒன்பது முப்பத்தைந்து. ஜூன் பத்தொன்பது, ஒன்பது நாற்பத்திரண்டு. நாற்பத்தொரு நாள். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மழை பெய்த நாளும் இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் அடித்த நாளும் இருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

"தெனமும் போயிருக்கற" என்றார்.

"போனேனுங்கப்பா."

"பஸ்ஸு நிக்கலைன்னு அப்பவே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலையே கண்ணு."

"சொன்னேனுங்கப்பா. நீங்க நம்பலைங்க."

அவையோரே, அந்த மனிதர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்தை எடுத்துப் படித்தார். நெடுநேரம் படித்துவிட்டு என்னிடம், "ஏனுங்க அம்மணி, பெண்களுக்கு மூணு சுழி ண வருமுங்களே? ரெண்டு சுழியில்ல போட்டிருக்குது?" என்றார். பார்த்தேன். ஆமாம்! ஒரே ஒரு எண்ணை மாற்றிக் குறித்ததில், முப்பத்தெட்டுப் பக்கத்திலும் பெண்கள் எல்லோரும் 'பென்கள்' ஆகியிருந்தார்கள். திருத்தினேன். அதன் பிறகு ஒவ்வொரு பக்கமும் அவர் கண்பட்ட பிறகே கட்டில் சேர்ந்தது. மூன்று மணிக்கு வரவேண்டியவர்களுக்குத் தொலைபேசியில், "பொண்ணு படிச்சுட்டிருக்குதுங்க, இப்போதைக்கு வேண்டாமுங்க" என்று அவரே சொன்னார்.

திங்கட்கிழமை ரங்கநாயகி அம்மாவும் அவரும் சேர்ந்தே போய் மனுவைக் கொடுத்தார்கள். நான்காம் வாரம் ஏழு பத்துப் பேருந்து கிணத்துக்கடவில் நின்றது. இன்றும் நிற்கிறது. வாயிற்காவலரின் பதிவேட்டைப் பார்த்துக் கல்லூரியும் வருகையைச் சரிசெய்தது. தேஜஸ்ரீ தேர்வு எழுதினாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நன்றி சொல்லி அமர்ந்திருப்பேன். கொஞ்சம் எனக்குப் பின்னால் பாருங்கள். எவ்வளவு பெரிய பதாகை! 'அங்கப்பன் தமிழ் மாற்றி! ஐந்தாம் ஆண்டில் எங்கள் மையத்தின் அரிய கண்டுபிடிப்பு!' மூலைக் கணினியில் நாங்கள் விட்டுப்போன அதே நிரல். முதல் வரியில் நாங்கள் எழுதிவைத்த பெயர்கள் மாயமாகிவிட்டன. அதைவிடக் கொடுமை, அதற்கு ஒரு பூட்டு! கடவுச்சொல் இல்லாமல் ஓடாது. இந்த மையத்தைத் தவிர வேறெந்தக் கணினியிலும் ஓடாது!

"நேரம் ஆச்சுங்க அம்மணி" என்கிறார் ஐயா. தலைவர் மணியடிக்கட்டும், அந்த நொடியே நிறுத்துகிறேன்... தலைவர் மணியைத் தொடவில்லை. தொடர்கிறேன்.

தமிழில் அடிப்பார்களா என்று கேட்ட வாய், இன்று தமிழ் மாற்றி என்று தம்பட்டம் அடிக்கிறது! குப்பை என்று சொன்ன நாக்கு, அந்தக் குப்பையில் விளைந்ததைக் கண்டுபிடிப்பு என்கிறது! என் பெயரை எடுத்துக்கொண்டதற்காக நான் வருந்தவில்லை. டாஸே என் பெயரை நறுக்கிய பிறகு மனிதர் நறுக்கினால் என்ன? ஆனால் அடைப்பை உடைக்கச் செய்த வழியை மறுபடியும் அடைத்திருக்கிறீர்களே, அதற்கு என்ன சொல்ல? இரண்டு நிறுவனங்கள் இரண்டு பெட்டியில் பூட்டிய தமிழுக்கு மூன்றாவது பூட்டாக நீங்களா? நாளைக்கு இன்னொரு தாய் இன்னொரு மனுவோடு இன்னொரு கணினியின் முன்னால் நின்றால், கடவுச்சொல் என்ன என்றா கேட்பீர்கள்?

மாணவர்களே! இந்தத் திரை உசத்தி, அந்தத் திரை மட்டம் என்று சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். டாஸ் இல்லாமல் எண் தெரிந்திருக்காது. யூனிக்ஸ் வகுப்பு இல்லாமல் நிரல் பிறந்திருக்காது. விண்டோஸ் இல்லாமல் அச்சாகியிருக்காது. எல்லாவற்றுக்குள்ளும் போங்கள். எல்லாவற்றிலிருந்தும் வெளியே வரக் கற்றுக்கொள்ளுங்கள். எதற்கும் அடிமையாகாதீர்கள்!

இதோ, தேஜஸ்ரீயும் அவளுடைய அப்பாவும் வரிசை வரிசையாக வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது நான்கு பக்கத் தாள். இரண்டு எழுத்துருக்களின் எண்களும், நிரலின் ஒவ்வொரு வரியும் அதில் அச்சாகியிருக்கின்றன. அங்கப்பன் ஐயாவுக்கும் ஒன்று கொடுங்கள், அப்பா. வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா, தயங்காதீர்கள்.

பொறுமையோடு மணியை மறந்திருந்த தலைவருக்கும், ஒலிபெருக்கியை அணைக்காத அண்ணனுக்கும், அழைத்ததற்காக இந்நேரம் வருந்திக்கொண்டிருக்கும் உரிமையாளருக்கும், எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. கையில் வந்த தாளை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். படியெடுங்கள், பக்கத்து ஊருக்குக் கொடுங்கள், பிழையிருந்தால் திருத்துங்கள். முதல் வரியில் ஜெனிஷா, தேஜஸ்ரீ, வரதராஜுலு என்று மூன்று பெயர்கள் இருக்கும். வேண்டுமானால் அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பூட்ட மட்டும் பூட்டாதீர்கள்!

வாரேனுங்க. வணக்கம்.