மாப்பிள்ளையுடைய சாமான்

வெல்டர்: ஹீ ஷர்ட் இல்லண்ணே... ஹிஸ் ஷர்ட்.

பெயின்டர்: அவன், ஹீ. சட்டை, ஷர்ட். அவன் சட்டை. இதுல என்னடா தப்பு?

வெல்டர்: நம்ம பேச்சுல 'அவன் சட்டை'ன்னா போதும். இங்கிலீஷ்ல பத்தாது. 'அவனோட'ன்னு தனியா ஒரு வார்த்தை வேணும். ஹிஸ்.

பெயின்டர்: செத்தவன் சட்டைக்கு இத்தனை இலக்கணமா...

வெல்டர்: ஆபீஸ்ல அப்படித்தானே கேக்குறாங்க. சொந்தக்காரங்க கையால, இங்கிலீஷ்ல. நாலு மணிக்கு கிளார்க் வந்து ஊருக்கு அனுப்புற பெட்டியையும் இந்தப் பட்டியல் காகிதத்தையும் எடுத்துட்டுப் போயிடுவான்.

பெயின்டர்: நீயே எழுதிடேன். ரெண்டு மாசமா சாயங்காலக் கிளாசுக்குப் போறவன் நீதானே.

வெல்டர்: ஒரே ரூம்ல படுத்துக் கெடந்தா சொந்தம் ஆயிடுமா? உங்க தங்கச்சி புருஷன். நீங்கதான் மச்சினன். நீங்கதான் எழுதணும்.

பெயின்டர்: அடியில ரெண்டு வரி அச்சடிச்சிருக்கே. சாரத்துல மாட்டுற சேஃப்டி பெல்ட்டு கிழிஞ்சதுக்கு மாப்ளதான் பொறுப்புன்னு. அதுக்கும் நான்தான் கையெழுத்தா?

வெல்டர்: அதைக் கடைசியில பாப்போம். முதல்ல சட்டை. நாலு இருக்கு. ஒண்ணுக்கு மேல போனா பின்னாடி ஒரு எஸ். ஹிஸ் ஷர்ட்ஸ். சட்டை எத்தனை ஆனாலும் ஹிஸ் மாறாது.

பெயின்டர்: ஹிஸ்... ஷர்ட்ஸ். இரு. இந்த நீலச் சட்டை என்னோடதுடா.

வெல்டர்: அவருதானே எப்பவும் போட்டுக்கிட்டு இருந்தாரு.

பெயின்டர்: போட்டா அவனோடது ஆயிடுமா?

வெல்டர்: ...அப்ப தனியா எடுத்து வைங்க. அது மைன்.

பெயின்டர்: காலையில 'மை'ன்னு சொன்னே. இப்ப 'மைன்'ங்கிறே.

வெல்டர்: பக்கத்துல பொருளோட பேர் வந்தா மை. மை ஷர்ட். பேர் வராம ஒண்டியா நின்னா மைன்.

பெயின்டர்: என் சட்டை. என்னோடது. அவ்வளவுதானே.

வெல்டர்: அடேயப்பா. எங்க டீச்சர் பாத்தா உங்களை முன் பெஞ்சுல உக்கார வெச்சுடுவாங்க.

பெயின்டர்: நக்கலு.

வெல்டர்: நிஜமாத்தான்.

பெயின்டர்: அதையும் உள்ள போடு. தங்கச்சிக்கு என்ன தெரியப்போகுது. எல்லாத்தையும் புருஷன் சட்டைன்னு நெனச்சு முகத்துல வெச்சுக்குவா.

வெல்டர்: அப்ப நாலு நாலாவே இருக்கட்டும்... ம். அடுத்தது போட்டோ. இதைக் கொஞ்சம் பாத்து எழுதணும். போட்டோ ஆஃப் ஹிஸ் ஒய்ஃப்.

பெயின்டர்: ஆஃப்பா? அதுக்கென்ன அர்த்தம்?

வெல்டர்: அதுவும் 'உடைய'தான். படத்துல இருக்கிறவங்களுக்கு ஆஃப். சொந்தம்னா ரெண்டு வழி இருக்கு. ஆளுங்களுக்குன்னா பேரு, அது மேல ஒரு கமா, அப்புறம் எஸ். வெல்டர்ஸ் ஹெல்மெட்னா வெல்டரோட ஹெல்மெட்.

பெயின்டர்: கமா கீழதானே இருக்கும்?

வெல்டர்: இது மேல ஏறி உக்காந்துக்கும். உயிரில்லாத சாமானுக்குப் பெரும்பாலும் ஆஃப். கதவோட சாவி, வீட்டோட கூரை... அதுக்கெல்லாம் ஆஃப்.

பெயின்டர்: அப்ப இப்ப மாப்ளைக்கு எது?

வெல்டர்: அடுத்த சாமானைப் பாருங்கண்ணே.

பெயின்டர்: சொல்லேன். காகிதத்துல தலைப்பு அச்சடிச்சிருக்கானே. அதுல அவன் பேருக்கு என்ன போட்டிருக்கான்? கமாவா, ஆஃப்பா?

வெல்டர்: எதுக்குண்ணே இப்ப அது.

பெயின்டர்: சும்மா படி.

வெல்டர்: ஆஃப்தான் போட்டிருக்கான்.

பெயின்டர்: உயிரில்லாததுக்குப் போடுறது.

வெல்டர்: அது அந்தக் காகிதத்துக்கு வழக்கம்ணே. உயிரோட இருக்கிறவங்களுக்கும் போடுவாங்க.

பெயின்டர்: சரி.

வெல்டர்: மனசுல வெச்சுக்காதீங்க.

பெயின்டர்: சரின்னேனே. அடுத்தது என்ன... இந்தக் கெட்டிலா?

வெல்டர்: அது மூணு பேரும் சேர்ந்து வாங்கினது. எழுத வேண்டாம். எழுதினா, அவர் கெட்டில்னு எழுதணும்.

பெயின்டர்: அவர் கெட்டில்னா மாப்ளையோடதுன்னு ஆயிடுமே.

வெல்டர்: நம்ம 'அவர்' இல்லண்ணே. இது இங்கிலீஷ் அவர். ஓ, யூ, ஆர். அதுக்கு 'நம்ம'ன்னு அர்த்தம்.

பெயின்டர்: நாசமாப் போச்சு. சரி, அதுல 'நம்ம' எது, 'எங்க' எது?

வெல்டர்: ரெண்டுக்கும் அது ஒண்ணுதான்.

பெயின்டர்: அதெப்படி? நம்ம கெட்டில்னா மாப்ளையும் சேத்தி. எங்க கெட்டில்னா நீயும் நானும் மட்டும். ஆளு உள்ள இருக்கானா வெளிய இருக்கானான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

வெல்டர்: தெரியாதுண்ணே. டீச்சர்கிட்ட நானும் கேட்டேன். பேசுற இடத்தை வெச்சுப் புரிஞ்சுக்கணும்னாங்க.

பெயின்டர்: இந்த இடத்தை வெச்சு என்னத்தைப் புரிஞ்சுக்கிறது. கட்டில் மூணு கெடக்கு.

வெல்டர்: ...போன் அடிக்குதுண்ணே.

பெயின்டர்: அடிக்கட்டும்.

வெல்டர்: உங்க தங்கச்சிதான். இன்னைக்கு அஞ்சாவது தடவை.

பெயின்டர்: எடுத்தா ஒரே கேள்வி. எப்படிண்ணே விழுந்தாரு, எப்படிண்ணே விழுந்தாரு. அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல.

வெல்டர்: சாரத்துல கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லுங்க.

பெயின்டர்: பெல்ட்டு போட்டிருந்தாரான்னு கேக்குறா. வெவரமானவ. ம், போன் நின்னுடுச்சு.

வெல்டர்: செருப்பு ஒரு ஜோடி, கண்ணாடி, போர்வை. எல்லாத்துக்கும் முன்னாடி ஹிஸ். வேகமா எழுதுங்கண்ணே, மணி மூணரை ஆகுது.

பெயின்டர்: ஹிஸ்... ஹிஸ்... ஹிஸ். பாம்பு சீறுற மாதிரி இருக்கு. ம், முடிஞ்சது. இப்ப அந்த ரெண்டு வரியைப் படி.

வெல்டர்: அதான் தெரியுமே. கையெழுத்தை மட்டும் போடுங்க.

பெயின்டர்: வார்த்தை வார்த்தையாப் படி.

வெல்டர்: ஹிஸ் பெல்ட் வாஸ் டேமேஜ்ட். அவரோட பெல்ட்டு கிழிஞ்சிருந்துச்சு. ஹீ டிட் நாட் டெல் எனிஒன். அதை அவர் யார்கிட்டயும் சொல்லல.

பெயின்டர்: இதுல ஹிஸ் எது?

வெல்டர்: முதல் வார்த்தை... அண்ணே, கையெழுத்து அங்க இல்ல, கீழ. என்ன பண்றீங்க? அந்த வார்த்தைய ஏன் கோடு போட்டு அடிக்கிறீங்க?

பெயின்டர்: ஹிஸ் வேண்டாம். மை போடணும். எம், ஒய். பக்கத்துல பெல்ட்டுன்னு பேர் வருது, அதனால மைன் வராது. சரிதானேடா?

வெல்டர்: இங்கிலீஷ் சரிதான்.

பெயின்டர்: ரெண்டு பெல்ட்டும் அந்த ஆணியிலதான் தொங்குச்சு. என்னோடது தையல் விட்டுப் பத்து நாள் ஆச்சு. கேட்டா வேற குடுப்பாங்க, நான் சோம்பல்பட்டுக் கேக்கல. அன்னைக்கு எனக்குப் பதினோராவது மாடி. மாப்ளைக்குக் கீழ மணல் சலிக்கிற வேலை. கீழ நிக்கிறவனுக்கு பெல்ட்டு எதுக்குன்னு அவனோடதை எடுத்து மாட்டிக்கிட்டேன். எதிர்லதான் நின்னுக்கிட்டிருந்தான். எடுத்துக்க மச்சான்னு சிரிச்சான். அப்புறம் மேல போறப்ப, ஆணியில மிச்சமிருந்த என்னோடதைத்தான் மாட்டியிருக்கான்.

வெல்டர்: எழுதினா உங்க வேலை போயிடும்ணே. வேலையோட விடவும் மாட்டாங்க.

பெயின்டர்: தெரியும்.

வெல்டர்: தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது? அந்த முகத்துல எப்படி முழிப்பீங்க?

பெயின்டர்: இப்ப மட்டும் முழிக்கிறேனா. போன் எடுக்கவே கை வரல. தன் கவனக்குறைவால செத்தான்னு அவன் பொண்ணு பெரியவளாகிப் படிக்கணுமா?

வெல்டர்: யாரும் பாக்கலண்ணே. காகிதம் வேற வாங்கிக்கலாம். பழையபடியே கையெழுத்துப் போட்டுடுங்க.

பெயின்டர்: நீ எதுக்குடா இந்தப் பதறு பதறுறே? எனக்கு ஆத்திரமெல்லாம் அந்த ஃபோர்மேன் மேலதான். கீழ இருந்தவனை மத்தியானம் எதுக்கு மேல அனுப்பினான்? கேட்டா, நான் அனுப்பவே இல்லைன்னு சத்தியம் பண்றான். புளுகுனி. ஏன்டா எழுந்துட்டே? உக்காரு. அந்த ரெண்டாவது வரியையும் பாத்துடுவோம். யார்கிட்டயும் சொல்லலன்னு இதை அச்சடிச்சவனுக்கு எப்படித் தெரியுமாம்?

வெல்டர்: அந்த வரியையும் அடிச்சுடுங்கண்ணே. ஃபோர்மேன் புளுகல. கம்பி பிடிக்க ஆள் இல்லாம நான்தான் மாப்ளைய மேல கூப்பிட்டேன். அஞ்சு நிமிஷ வேலைன்னேன். பெல்ட்டு கிழிஞ்சிருக்கேன்னு சொன்னாரு. என்கிட்டதான் சொன்னாரு.